ஏறிக்கொண்டே போன எண்ணெய்

பஸ் டிப்போவின் ஸ்டோர் ரூமில் வேலை பார்த்த அவரை எல்லோரும் பூட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஃபேன் பெல்ட்டோ பிரேக் ஷூவோ, பழசைக் கையில் கொடுத்தால்தான் புதுசு கம்பிவலையைத் தாண்டி வெளியே வரும். கொடுத்த பழசையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அது அந்த வண்டியில் கழற்றியதுதானா என்று. சாயங்காலம் கிளம்பும்போது கேன்களில் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போவார். தன் நிழலைப் பார்த்தே "நீ எதுக்குப் பின்னாடி வர்ற?" என்று கேட்கிற ஆள் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

வீட்டில் மட்டும் அவருக்கு வேறொரு பெருமை இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் மாறி மாறி வரும். மகள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்ப்பவள். அதனால் சாயங்காலச் சமையல் எப்போதோ அவர் கைக்கு வந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார். கஞ்சி, முட்டை, உருளைக்கிழங்கு வறுவல். அந்த வறுவலில்தான் அவர் கைவரிசை. பெரிய துண்டுகளாக நறுக்கி, வெங்காயத்தோடு கனத்த இரும்புச் சட்டியில் போட்டு, கிளறாமல், அவசரப்படாமல் விடுவார். அடியில் ஒரு மொறுமொறுப்பு ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்ட அம்மாவும் பெண்ணும் கரண்டியோடு மல்லுக்கட்டுவார்கள். "நான் பெத்த பொண்ணுதானே, விட்டுக் கொடுடி" என்பாள் அம்மா. "பெத்தவதானே, நீ விட்டுக் கொடு" என்பாள் மகள். அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அவருக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும். நாள் முழுவதும் யாரையும் நம்பாமல் கழித்துவிட்டு வருகிற மனிதர் சந்தேகமே இல்லாமல் உட்காருகிற ஒரே இடம் அது.

ஒரு நாள் அந்தச் சண்டை நின்றுபோனது.

"அடியில இருக்கறத நீங்களே சாப்பிடுங்கப்பா" என்றாள் மகள்.

"ஏன், வேணாமா?"

"கடையில கேக் வெட்டுனாங்க. வயிறு ஃபுல்லு."

மறுநாள் மனைவிக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் மகள் கஞ்சியை மட்டும் குடித்துவிட்டு எழுந்துகொண்டாள். தட்டில் போட்ட வறுவலை இருவரும் ஓரத்துக்குத் தள்ளிவைத்துப் பேசுவதையும், அவர் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் தட்டு காலியாகிவிடுவதையும் பூட்டு கவனித்தார். பசியில்லாதவர்கள் உடம்பு இளைக்க வேண்டும். இந்த இருவரும் இளைக்கவில்லை. அப்படியானால் எங்கோ சாப்பிடுகிறார்கள். எங்கே? யார் போடுகிறார்கள்? தனக்குத் தெரியாமல் எதற்கு?

மனசு தாங்காமல் டிப்போவில் ஒரு டிரைவரிடம் வாயைவிட்டார்.

"பூட்டண்ணே, உங்க சமையலுக்கு யாரோ கள்ளச்சாவி போட்டுட்டாங்க போல" என்று அவன் சிரித்தான். "அண்ணிகிட்ட நேரா கேட்டுடுங்களேன்."

"கேட்டா உஷாராயிடுவாங்கடா."

"திருடனையா பிடிக்கப் போறீங்க? குடும்பம்ணே அது."

அன்றிரவு சமையல் முடிந்ததும் எண்ணெய்ப் பாட்டிலின் லேபிள் ஓரத்தில், எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு நேராக, பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். தான் இல்லாத நேரத்தில் அடுப்படியில் ஏதாவது நடக்கிறதென்றால் எண்ணெய் இறங்கத்தானே வேண்டும்?

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் நேராகப் பாட்டிலிடம் போனார். எண்ணெய் இறங்கவில்லை. ஒரு விரல்கடை ஏறியிருந்தது.

எடுக்கிற திருடனை அவருக்குத் தெரியும். போடுகிற திருடனை இதுவரை பார்த்ததில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கீழே தண்ணீர் தங்குகிறதா என்று. மோந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவருடைய ஸ்டோர் மூளை கணக்கைப் போட்டு முடித்தது: தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். எண்ணெய் குறைந்தது தெரியக்கூடாது என்று ஊற்றி வைக்கிறார்கள். ஊற்றுகிற அவசரத்தில் மட்டம் தப்பிவிட்டது. டிப்போவில் கேனிலிருந்து எண்ணெய் எடுத்து மாட்டிக்கொண்ட மெக்கானிக் செய்ததும் இதே தவறுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள், அதுவும் தன்னிடம்!

மனைவிக்கும் மகளுக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்தது. அன்று பூட்டு வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார். மதியம் ஸ்டோரைப் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் திருடனைப்போலச் சத்தமில்லாமல் நுழைந்தார்.

அடுப்படியில் சட்டி சுரண்டும் சத்தம் கேட்டது.

"அந்தப் பக்கம் என்னுது."

"கோடு போட்டு வச்சிருக்கியாடி? தள்ளு."

"பெத்தவ மாதிரியா நடந்துக்கற நீ?"

அதே சட்டி. அதே வறுவல். மேடைமேல் அவருடைய எண்ணெய்ப் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பிரித்த புது எண்ணெய்ப் பாக்கெட். மகளின் வாயில் கரண்டி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். வேறொருவர் சமையலுக்கு மயங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தன் வறுவலையே, தனக்கு ஒளித்து, தன்னை விட்டுவிட்டுச் செய்து தின்கிறார்கள்.

"நான் செஞ்சா என்ன குறைச்சல்?" என்றார்.

மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். மகள் கரண்டியை வாயிலிருந்து எடுத்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கண்ஜாடை வேணாம். வாயால சொல்லுங்க."

"எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதுப்பா" என்றாள் மகள். "வறுத்து மிஞ்சறத மறுபடி மறுபடி பாட்டில்லயே ஊத்துறீங்க. அன்னிக்கு நாங்க பாட்டில்ல கொஞ்சம் புதுசு கலந்து பாத்தும் வாடை போகல. வாயில வைக்க முடியல."

"என்னிக்கும் ஊத்துறதுதானே? மோந்து பாத்து, கெட்டிருந்தா கொட்டிடுவேனே."

"முன்னாடி கொட்டுவீங்க."

அவர் புரியாமல் மனைவியைப் பார்த்தார். அவள் பாத்திரம் கழுவும் தொட்டியடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அதில் ஊற்றி வைத்திருந்த பழைய எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்தாள். இன்னொரு கரண்டியில் புதுசு. முதுகைக் காட்டி நின்று இடம் மாற்றிவிட்டு இரண்டையும் அவர் மூக்கருகே நீட்டினாள்.

"இதுல எது பழசு?"

மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மோந்தார்.

"ரெண்டுமே புதுசு. என்னை ஏமாத்தப் பாக்கறீங்க."

அவள் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து நீட்டினாள். பிறகு துணி சோப்பை. பிறகு பாதி வெங்காயத்தை. வெங்காயத்துக்குக் கண் மட்டும் கலங்கியது. மூக்கில் ஒன்றுமே ஏறவில்லை.

"போன மாசம் உங்களுக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்தாங்க" என்றாள் மெதுவாக. "குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. டாக்டர்கிட்ட காட்டணும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" என்றாள் மகள். "அம்மாவும் நானும் சேர்ந்து சதி பண்றோம்னு சொல்லியிருப்பீங்க. இப்பவே சொன்னீங்க."

செருப்பு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. போய் வாசலில் வைத்துவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். இனி எதைச் சமைத்தாலும் இவர்கள் சொல்வதை வைத்துத்தான். நல்லாயிருக்கிறது என்றால் நிஜமாகவா, பரிதாபப்பட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

"சாயங்காலம் நான் பண்றேங்க" என்றாள் மனைவி.

"வேணாம். நானே பண்றேன்."

சாயங்காலம் கிழங்கை நறுக்கினார். புது எண்ணெயை மகளிடம் நீட்டினார். "நல்லாருக்கு" என்றாள். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் எடுத்துப் போய்த் தனியாகக் கேட்டார். அவளும் அதையேதான் சொன்னாள். இரண்டு பேரும் பேசி வைத்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதோடு திரும்பி வந்து சட்டியை அடுப்பில் வைத்தார். கிழங்கும் வெங்காயமும் போட்டுவிட்டு, முட்டை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்து குனிந்தார்.

"என்னங்க, வெங்காயம் தீயுது! அடுப்பைக் குறைங்க!" என்று உள்ளிருந்து மனைவி கத்தினாள்.

அவருக்கு எந்த வாடையும் வரவில்லை. இரண்டு எட்டில் வந்து அடுப்பைக் குறைத்தார். அதற்கப்புறம்தான் சட்டியை எட்டிப் பார்த்தார்.