அக்காவின் எழுத்தும் மாமாவின் பேரும்

அக்காவின் படத்திறப்பில் பேச வந்தவர், டிடிபி கடைக்காரர்கள் சங்கத்தின் தலைவர். படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவின் கணவரை, என் மாமாவைப் பார்த்தே பேசினார்.

"கம்ப்யூட்டர்ல தமிழு வராதான்னு எல்லாரும் ஏங்கிக்கிட்டிருந்த காலத்துல, இந்த விருத்தாசலத்துல உக்காந்துகிட்டு தமிழ வர வெச்சவரு நம்ம அண்ணன். அவரு ராப்பகலா ஒழைச்சப்ப, டீ போட்டுக் குடுத்து வூட்டப் பாத்துக்கிட்ட தெய்வம் எங்க அண்ணி."

டீயாம். என் அக்காவுக்கு ஒழுங்காக டீ போடவே வராது. மாமாவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் அப்பா பீங்கான் கம்பெனியில் அச்சு வார்ப்பவர். அக்கா கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, ஜங்ஷன் ரோட்டில் மாமா புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குப் போனாள். பிறகு அவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். அப்போது ஊரில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, அதுவும் இங்கிலீஷ் மட்டும். தமிழ் டைப்ரைட்டரில் 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பை அடித்து, அப்புறம் 'க' அடித்து, அப்புறம் கால் போட வேண்டும். கம்ப்யூட்டரிலும் அப்படியே இருக்க வேண்டுமா என்று அக்காவுக்கு எரிச்சல்.

"வாயால சொல்றப்ப கொம்பையாடி மொதல்ல சொல்றோம்? 'க'வ அடிச்சி 'ஒ'வ அடிப்போம். கொம்பு எங்க போவணும், காலு எங்க போவணும்னு மெஷினு பாத்துக்கட்டும்" என்பாள்.

கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்தாள். 'ஸ்ரீ' மட்டும் எப்படி வரைந்தாலும் கட்டத்துக்குள் அடங்காமல் அவளை அழவைத்தது. ஸ்ரீ இல்லாமல் கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியுமா? அதையும் அடக்கினாள். ப்ரோகிராமை எழுதியவளும் அவள்தான். மாமாவுக்கு ப்ரோகிராம் எழுதத் தெரியாது, விற்கத் தெரியும். மங்கலம்பேட்டைக் கடைகளில் கல்யாணப் பத்திரிகை, பெண்ணாடத்தில் கரும்பு விவசாயிகளின் கூட்ட நோட்டீஸ், சுரங்கத்துக்கு நிலத்தைத் தர மாட்டோம் என்று கம்மாபுரத்துக்காரர்கள் கொடுத்த மனு, எல்லாம் அக்காவின் எழுத்தில் வந்தன.

ப்ரோகிராமைத் திறந்ததும் திரையில் தெரிகிற மாதிரி முதலில் தன் பேரைப் போட்டிருந்தாள். மாமா அதை எடுத்துவிட்டுத் தன் பேரைப் போடச் சொன்னார். "பொம்பள பேரப் பாத்தா கடக்காரன் வாங்குவானா?" என்றாராம். அக்கா சண்டை போட்டாள். வயிற்றில் பிள்ளையோடு துணிமணியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்பா அவளைத் திருப்பி அனுப்பினார். "பேருதான, போவட்டும். பொழைக்கிற வழியப் பாரு."

போனாள். பேரை மாற்றிக் கொடுத்தாள். கடையில் பில் போட்டாள், பேப்பர் அடுக்கினாள். சாகும்வரை இன்னொரு வரி ப்ரோகிராம் எழுதவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்மேல் இருக்கிற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

படத்திறப்பில் நான் எழுந்து நின்றேன். மைக் இல்லாமலே சத்தமாகச் சொன்னேன்: "அத ஒங்க அண்ணன் செய்யலீங்க. இந்தப் படத்துல இருக்காங்களே, இவங்க செஞ்சது."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தலைவர் கனிவாகச் சிரித்தார். "பாவம், துக்கத்துல பேசறாங்க. தண்ணி குடுங்கப்பா." நிஜமாகவே ஒருவர் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் தட்டிவிட்டேன். மாமா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் மகள் என் கையைப் பிடித்துத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப்போனாள். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். மானத்தை வாங்கிவிட்டேன் என்று திட்டப்போகிறாள் என நினைத்தேன்.

"நெஜமாவா சித்தி? அம்மாவா செஞ்சாங்க?"

அவளுக்குத் தெரியவே தெரியாது. "நான் கம்ப்யூட்டர் படிக்கப் போறேன்னப்ப, அப்பா மாதிரியே வரணும்னு எல்லாரும் வாழ்த்துனாங்க. அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ஒண்ணுமே சொல்லல" என்று அழுதாள். செத்துப்போன அக்காவையே பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. பெற்ற பெண்ணிடமாவது சொல்லியிருக்கக் கூடாதாடி?

எல்லோரும் போன பிறகு மகள் நேராகவே கேட்டாள். மாமா மெதுவாகப் பதில் சொன்னார்: "நான்தான் செஞ்சேன்னு நான் எங்கயும் சொன்னதில்லம்மா. அவங்களா சொன்னாங்க. நான் மறுக்கல, அவ்ளோதான்."

"இத்தினி வருசம் மறுக்காம இருந்தீங்களே மாமா, நெஞ்சு உறுத்தலயா?" என்றேன். "ஏம்மா இப்பப் போயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகள் ஃபேஸ்புக்கில் அம்மாவின் படத்தைப் போட்டு நடந்ததை எழுதினாள். அதே சங்கத் தலைவர் அதன் கீழே கேட்டிருந்தார்: "ஆதாரம் உண்டா மகளே?" கட்டம் போட்ட தாள்களை மாமா எப்போதோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். மகள் அப்பாவுக்குப் போன் செய்து, "நீங்க ஒரு வரி எழுதுங்கப்பா, அம்மாதான் செஞ்சாங்கன்னு. அது போதும்" என்றாள். "எழுதறேம்மா, கொஞ்சம் பொறு" என்றாராம்.

இன்னும் எழுதவில்லை. தீபாவளிக்கு அவள் ஊருக்கு வரவில்லை. நானும் அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை. வயசான காலத்தில் தனியாக இருக்கிறாரே, பாவம் இல்லையா என்று சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இருக்கட்டும்.