அண்ணனின் வண்டி மறுபடி ஓடிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அண்ணன் மணமேல்குடிக்குத் தெற்கே, கடலோரத் தென்னந்தோப்பு வீட்டில், ஓர் ஆவணி வெள்ளிக்கிழமை பிறந்தார். சென்ற ஆண்டு அதே ஆவணியில் மறைந்தார். நாள், கிழமை வரிசை பிசகாமல் எழுதுவது என் வழக்கம். இன்று முடியவில்லை. இந்த ஆடியின் மூன்றாம் ஞாயிறு முந்திக்கொண்டு வருகிறது. அன்று அண்ணனின் வண்டி ஓடியது!

அப்பா காலமானதால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அண்ணன், புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் தொழில் கற்று, வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் பாலைவன வண்டிகளைப் பழுதுபார்த்தார். தங்கையான என்னைப் படிக்க வைத்தது அந்த உழைப்பு. ஊர் திரும்பியதும், மூடிப்போன இறால் பண்ணையில் துருவேறிக் கிடந்த நான்கு சக்கர பைக்கை வாங்கிச் சீராக்கினார். எங்கள் மணல் பாதையில் ஆட்டோ வராது. தேங்காயும் உரமும் அதில்தான் போயின, அக்கம்பக்கத்துப் பிரசவக்காரிகளும்தான். வாரந்தோறும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவார். படுக்கையில் விழுந்த பிறகும், “உப்புக் காத்து, மூடி வைங்க” என்றார்.

அவருக்குப் பின் வண்டி கிளம்பவில்லை. “ஏத்தா, திவசத்துக்குள்ள ஓடுனா ஓடட்டும். இல்லாட்டி பழைய இரும்புக்காரர் வருவாரு” என்று அண்ணி சொல்லிவிட்டார்.

பழைய பெட்ரோலை வடித்தேன். கார்புரேட்டரைக் கழற்றினேன்.

“கழட்டுறது இருக்கட்டும், மாட்டத் தெரியுமா?”

“அண்ணன் பக்கத்துல ஒக்காந்து பாத்திருக்கேன், அண்ணி.”

“பாத்தியா? காப்பியில்ல குடிச்சுக்கிட்டு இருந்த!”

புது பிளக் மாட்டியதும் இன்ஜின் உறுமியது. ஐந்தே நிமிடம், கடைசித் தென்னை வரிசையில் நின்றது. சற்றுப் பொறுத்தால் கிளம்பும். மறுபடி ஐந்து நிமிடம். இரண்டு ஞாயிறுகள் இப்படியே போயின. மூன்றாம் ஞாயிறு, பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. உடனே வண்டி கிளம்பியது!

மூடியின் காற்றுத் துளையைக் காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்?

“அடியாத்தே, நாந்தான் வச்சேன்!” என்றார் அண்ணி. துக்க வருடமாதலால் வீட்டில் ஆயுத பூஜை இல்லை. ‘வண்டி என்ன பாவம் பண்ணுச்சு’ என்று அவர் மட்டும் சந்தனத்தை அள்ளி அப்பியிருக்கிறார். “ஒங்க அண்ணன் வெளக்குலதான் பொட்டு வப்பாரு. ஏன்னு நான் கேட்டதே இல்ல.”

தம் ஊக்கைக் கழற்றி அவரே துளையைக் குத்திவிட்டார். சேலையை இழுத்துச் செருகி ஏறி அமர்ந்தார். சாலை வரை போய்த் திரும்ப இருபத்திரண்டு நிமிடம், ஓரிடத்திலும் நிற்கவில்லை. இறங்கியவர் சிரித்துக்கொண்டே அழுதார். இரும்புக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அண்ணனைத் தோளில் சுமந்த பங்காளிகளுக்கும், பதினாறு நாளும் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனையில் உடனிருந்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. திவசத்தன்று உங்கள் கையில் தரும் இந்த நினைவு மலரின் கட்டும் அந்த வண்டியில்தான் தோப்புக்கு வரும். ஓட்டி வருபவர் அண்ணி.

வண்டிக்குப் பொட்டு வைக்க விரும்பும் உறவினர்கள் முன்விளக்கில் வைக்கவும். மூடியில் வேண்டாம்.