பேயாக நடித்த அன்ரி

நேற்றுப் புதுக் கமராப் பையைத் திறந்தவுடன் அடித்த இறப்பர் மணம், என்னைத் தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்த, என்னோடு படித்த நிரோஷன் வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. வீடு என்றால் நாலு பக்கமும் தகரம். வெயிலில் உள்ளே அவிந்துபோவோம், மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவன் கதைப்பதும் கேட்காது. கொழும்பிலிருந்து பாடசாலைக்குப் படமெடுக்கப் பயிற்சி தர வந்தவர்களின், இதே மணம் அடிக்கும் கமராவோடு பின்னேரம் முழுக்க அங்கேதான் கிடப்போம். எடுத்தது பேய்ப்படம். பேய், நிரோஷனின் அம்மா. முகமெல்லாம் பவுடர் பூசி, கட்டிலுக்குக் கீழிருந்து ஊர்ந்து வந்து, எங்களைக் கண்டதும் சிரித்துவிடுவா.

"அன்ரி, பேய் சிரிக்கிறேல்லை."

"உங்கட மூஞ்சியளைப் பார்த்தா பேயும் சிரிக்குமடா."

ஒருநாள் பயிற்சி தந்தவர்களில் ஒரு சேர் அங்கே வந்தார். போரில் காணாமல்போன, அன்ரியின் மூத்த மகனின் படம் தகரத்தில் தொங்குவதைக் கண்டார்.

"பேயை விடுங்கோ தம்பிமார், இதுதான் படம்."

அதைக் கழற்றி அன்ரியின் மடியில் வைத்து, கமராவையும் தானே வாங்கிக்கொண்டு, அவா அழும்வரை கேள்வி கேட்டார்.

அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது. பாடசாலை மண்டபத்தில் போட்ட அன்று, அன்ரி நல்ல சீலை கட்டி, அயலட்டைச் சனத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. படம் முடிந்தும் எழும்பவில்லை.

"நான் சிரிச்சதெல்லாம் எங்கை தம்பி?"

சேர் அதைத் தேவையில்லை என்று அழித்துவிட்டிருந்தார்.

இப்போது அங்கே கல்வீடு. பழைய தகர வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தப் படம் மட்டும்தான் இருக்கிறது. எப்போது போட்டாலும் உள்ளே அன்ரி அழுதுகொண்டுதான் இருக்கிறா.