அக்கா கையெழுத்துப் போடாத குழாய்

செயற்கைக்கோளில் கருவிகளின் சூட்டை வெளியேற்றும் வெப்பக்குழாய்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் என் அக்காவின் வேலை. இரண்டு முனையும் அடைத்த அலுமினியக் குழாய். உள்ளே கொஞ்சம் அம்மோனியா. சூடான முனையில் அது ஆவியாகும். குளிர்ந்த முனைக்குப் போய்த் திரவமாகி, உட்சுவரின் நுண்ணிய பள்ளங்கள் வழியே ஊர்ந்து திரும்பும். சூடு ஒரே சீராக இருந்தால் யார் வேண்டுமானாலும் கணக்கிட்டுவிடலாம். செயற்கைக்கோள் பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கு வந்த கையோடு கருவியையும் முடுக்கினால், திரவம் திரும்புவதற்குள் சூடான முனை வறண்டுபோகும். அந்தச் சில நிமிடங்கள்தான் அக்காவின் பிழைப்பு.

அவளுடைய பிரிவுத் தலைவருக்கு அந்த நிமிடங்களே பிடிக்காது. ஒரு முழுச் சுற்றின் வெப்பத்தையும் கூட்டி வகுத்து, 'இவ்வளவுதான்' என்று மேசையைத் தட்டுவார். அலுவலகத்தில் அவருக்குச் 'சராசரி சார்' என்று பெயர். வைத்தது அக்காதான்.

"அந்தாளு கணக்குப்படி, ராத்திரித் தூக்கத்தையும் பகல் முழிப்பையும் கூட்டி வகுத்தா, மனுஷன் நாள் முழுக்க அரைத்தூக்கத்துல இருக்கணும்டா," என்பாள். "ஆபீஸ்ல அவர் ஒருத்தர்தான் அப்படி இருக்கார்."

டிரான்ஸ்மிட்டருக்கான குழாயை ஏற்றுக்கொள்ளும் கூட்டத்தில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். முழு மின்சாரத்தையும் திடீரென்று கொடுத்துச் சோதிக்கச் சொன்னாள்.

"ஏம்மா, மேல போனப்புறம் சுவிட்சை யாரு படார்னு போடப்போறா?" என்றார் தலைவர்.

"நீங்கதான் சார்."

கூட்டத்தில் சிரிப்பு அடங்குவதற்குள் அவளை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடும் கைகளுக்கு அங்கே பஞ்சமா?

செயற்கைக்கோள் மேலே போயிற்று. நிழலைவிட்டு வெளியே வந்ததும் டிரான்ஸ்மிட்டரை முழு விசையில் போட்டார்கள்; சூடு தாங்காமல் தானாக அணைந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடி அணைந்தது. அறிவாளிகள்!

அக்கா அப்போது நோய் முற்றி மருத்துவமனையில் படுத்திருந்தாள். தலைவர் போன் செய்தார்; நான்தான் அவள் காதருகே பிடித்துக்கொண்டிருந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க சார். திரவம் திரும்பி வர நேரம் விடுங்க," என்றாள் மூச்சு வாங்க. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னாள். அப்படியே செய்தார்கள். அதற்குப் பிறகு அது அணையவில்லை.

"குழாய் மேல தப்பே இல்லடா. பாவம் அது," என்றாள் என்னிடம்.

அவள் இறந்த பிறகு, தலைவர் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"உங்கக்காவுக்குக் கொஞ்சம் பிடிவாதம் தம்பி. ஆனா கடைசியில எங்க டீம் உக்காந்து யோசிச்சு அந்தச் சிக்கலைத் தீர்த்துட்டோம்."

"எந்த வார்டுல உக்காந்து சார் யோசிச்சீங்க?"

பூங்கொத்தை என் பக்கம் நீட்டியபடியே நின்றார். நான் வாங்கவில்லை.