கறிவேப்பிலை தின்ற கிரிம்ஸன் ரோஸ்

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. வண்ணத்துப்பூச்சிப் பெட்டி ஒன்றைப் பிழையில்லாமல் தயாரித்துக் கொடுத்தால் சிபாரிசு செய்வதாகத் துறைத் தலைவர் சொல்லியிருந்தார். அவர் கோபக்காரர். நான் கர்வக்காரன்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் பூச்சிப் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்து, கறுப்பு இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்த ஒன்றுக்குக் ‘கிரிம்ஸன் ரோஸ்’ என்று லேபிள் ஒட்டினேன். காபி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி ஏழு மாதம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள்.

“ஏன்னா, நம்ம கறிவேப்பிலைச் செடியிலே வந்து முட்டை வைக்கறதே, அதுதானே இது?”

சிரித்துவிட்டு ஒரு பாடமே எடுத்தேன். இதன் புழு ஆடுதின்னாப்பாளைக் கொடியைத்தான் தின்னும். கொடியின் விஷம் உடம்பில் ஏறிவிடுவதால் பறவைகள் இதைத் தொடாது. கறிவேப்பிலையாவது, முட்டையாவது!

“புஸ்தகத்துப் படத்திலே உடம்பு சிவப்பா இருக்கே. இது கறுப்புன்னா?”

“காய்ந்தால் கறுக்கும்” என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்த வாய்க்கொழுப்பு!

மறுநாள் நான் பெட்டியைக் கல்லூரியில் ஒப்படைத்தேன். அவள் செடியிலிருந்து நாலு புழுக்களை எடுத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு, என் பழைய வேஷ்டியைக் கிழித்து வாய் கட்டினாள். முதலில் அவை பறவை எச்சம் மாதிரி இருந்தன. பிறகு பச்சையாகிக் கொழுத்தன. தொட்டால் சிவப்புக் கொம்பு நீட்டி நாற்றமடித்தன. அத்தனை நாளும் எங்கள் ரசத்தில் கறிவேப்பிலை கிடையாது.

கூட்டிலிருந்து முதலில் வந்தது கறுப்பு வெள்ளை. சிவப்பு மருந்துக்கும் இல்லை. “பார்த்தாயா!” என்று குதித்தேன்.

“பொறுங்கோ. அது ஆம்பளையா இருக்கும்.”

மறுநாள் இன்னொன்று வந்தது. இறக்கையில் சிவப்புப் பொட்டு, உடம்பு கறுப்பு. காய்ந்து கறுக்க அதற்கு நேரமே இல்லை. புத்தகங்களைப் புரட்டினேன். காமன் மார்மன் என்ற விஷமில்லாத சாது இனத்தில் பெண் பூச்சி, பறவைகளை ஏமாற்ற ரோஸின் வேஷம் போடுமாம். பறவைகளோடு நானும் ஏமாந்து, இரண்டு வருஷமாகப் பையன்களுக்கும் தப்பாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். நான் வாய் திறக்குமுன் தலைவர் பெட்டியைத் திறந்தார். “பிரமாதமான கிரிம்ஸன் ரோஸ்!” என்றபடி சிபாரிசில் கையெழுத்துப் போட்டார்.

“தேங்க்ஸ் சார்” என்றேன்.

வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். “சொன்னேளா?”

“சொல்லிட்டேன்.”

“யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டாரா?”

“கேட்டார். உன்னைத்தான் சொன்னேன். ரொம்பக் கெட்டிக்காரின்னார்.”

அன்றே துறையூரில் இருந்த தன் அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதினாள், தலைவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல். காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில் தபாலில் சேர்க்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள். சேர்த்தேன்.