டமால் போடாத சத்தம்

முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் கொன்ற ஆட்களுக்குக் கணக்கே கிடையாது. தாடைகளை உடைத்திருக்கிறார், கழுத்துகளைத் திருகியிருக்கிறார், ஒரே மத்தியானத்தில் நாற்பது பேரை மாடியிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார். எல்லாம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன ஸ்டுடியோ அறைக்குள், முட்டைக்கோஸும் பழைய சோபா மெத்தையும் ஈரத் துண்டும் வைத்துக்கொண்டு செய்தது. சினிமாவில் அடிக்கிறவன் கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். சத்தமே வராது. அந்தச் சத்தத்தைப் பின்னால் சேர்ப்பதுதான் இவருடைய பிழைப்பு. கேரட்டை ஒடித்தால் விரல் எலும்பு, முட்டைக்கோஸில் கத்தியை இறக்கினால் வயிறு.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிற்று. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் டமால்தான். நிஜத்தில் ஒரு கொசுவை அடிக்கக் கை எழாது. வீட்டில் கரப்பான் பூச்சி வந்தால் மனைவிதான் செருப்பைத் தூக்க வேண்டும். ஐயா கட்டிலில் ஏறி நின்று வழிகாட்டுவார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் குழந்தைகள் படம் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அழுதுகொண்டே படிக்கும் பழைய நாவல். தீயில் கை வெந்த ஒரு சிறுமி, கால் ஒடிந்த ஒரு குதிரை, இருவரும் ஒரே லாயத்தில் கிடந்து ஒருவரையொருவர் தேற்றி எழுந்து நிற்கிற கதை. ஒன்பது வயதுப் பெண் வேண்டும் என்று இயக்குநர் அலைந்தபோது, "எங்க பாப்பாவைப் பாருங்களேன்" என்று சொன்னதே டமால்தான். பாப்பா அவருடைய தங்கை மகள். பிள்ளையில்லாத அவருக்கு அவள்தான் உயிர். தங்கை கல்யாணத்துக்கு முன் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவள். ஒரு படத்திலும் முகம் தெரிந்ததில்லை. மகள் தேர்வான அன்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

படப்பிடிப்பு முடிந்து வந்த பாப்பா மாமாவின் முதுகில் தாவி ஏறவில்லை. கதவோரமாகவே நின்றாள். "களைப்புண்ணே, வேற ஒண்ணுமில்ல" என்றாள் தங்கை. இவரும் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், கூடப் பிறந்தவள் சொல்கிறாள்!

லாயத்துக் காட்சிக்குச் சத்தம் சேர்க்கும் நாள் வந்தது. லாயத்துக்காரன் சிறுமியை அறைய வேண்டும், அவள் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். தளத்திலேயே பதிவான ஒலியை ஓடவிட்டால் 'பளார்' என்று ஒரு அறை கேட்டது. அதுவும் காட்சி தொடங்குவதற்கு முன்னால், இருட்டுத் திரையில்.

டமாலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எவன் எனக்கு முன்னாடி சத்தம் போட்டு வச்சது? போட்டதுதான் போட்டான், இடம் பார்த்துப் போடத் தெரியாதா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரம்மா உதட்டைப் பிதுக்கினாள். "எனக்குத் தெரியாது சார். தளத்துலேர்ந்து இப்படித்தான் வந்துச்சு."

ஆனால் சத்தம் அருமையான சத்தம். அதை ஒத்துக்கொள்ள அவருக்கு வயிறு எரிந்தது. விரல்கள் முதலில், உள்ளங்கை பின்னால், கடைசியில் ஒரு சின்ன மூச்சு. இதை மிஞ்சாமல் விட்டால் நான் டமாலா? ஈரத் துண்டால் மெத்தையை அடித்தார். போதவில்லை. தோல் செருப்பால் தன் தொடையிலேயே ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டார். தொடை கன்றிச் சிவந்தது. ஒரு மணி நேரம் கழித்து அதைவிடப் பலமான அறை ஒன்று கிடைத்தது. திரையில் லாயத்துக்காரன் கை வீசும் இடத்தில், அந்தச் சத்தத்தையும் நகர்த்திவந்து, மேலே தன் சத்தத்தை ஏற்றினார். பாப்பாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கச்சிதம்!

"எப்படி?" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

யார் செய்த வேலை என்று பார்க்க, தளத்து ஒலியைப் பதிவாளரம்மா முதலிலிருந்து தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சார், இது யாரும் சேர்த்த சத்தம் இல்ல. கேமரா ஓடறதுக்கு முன்னாடியே மைக் ஓடியிருக்கு" என்று சொல்லி அதைப் பெரிதாக வைத்தாள்.

குதிரை செருமுகிறது. "கண்ணுல தண்ணியே இல்லையேம்மா, வெளிச்சம் போயிடும்" என்கிறது இயக்குநரின் குரல். அடுத்து தங்கையின் குரல்: "ஒரு நிமிஷம் சார். இதோ வரவச்சிடறேன்." பளார். "ம்... இப்ப எடுங்க."

அந்தக் காட்சியைப் பதினொரு முறை எடுத்திருந்தார்கள். பதினொன்றையும் டமால் கேட்டார். ஏழாவதில், "அம்மா, நானே அழுறேம்மா, நானே அழுறேன்" என்றது பாப்பா. அதற்கும் விழுந்தது. பத்தாவதில் யாரோ சிரித்தார்கள்.

அவர் ஓடினார். கன்றிய தொடையோடு நொண்டிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, நடு வெயிலில் நாலு தெரு தாண்டி ஓடினார். தங்கை வீட்டுக் கதவை உதைத்த உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. கூடத்து மேஜையைக் கவிழ்த்தார். சுவரில் மாட்டியிருந்த, பாப்பா நடித்த படத்தின் சுவரொட்டியைச் சட்டத்தோடு பிடுங்கித் தரையில் அடித்தார். கண்ணாடிச் சில்லு காலைக் கிழித்தது.

"அடிப்பாவி! பெத்த வயிறாடி அது? பதினோரு தடவை!"

தங்கை முதலில் மிரண்டாள், பிறகு சீறினாள். "நீ ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் அடிச்சுச் சம்பாதிக்கல? நாலு அடி வாங்கினா அவ வாழ்க்கையே மாறிடும்ணே! என்னை மாதிரி முதுகைக் காட்டிட்டு நிக்கணுமா அவளும்?"

அறைந்துவிட்டார். முப்பது வருஷத்தில் முதல் நிஜ அடி. சத்தம் வெகு சின்னதாகத்தான் கேட்டது. தங்கை சுவரில் மோதிச் சரிந்தாள், உதட்டில் ரத்தம் கசிந்தது. அவர் கை மறுபடியும் ஓங்கியது.

அப்போது உள் அறையிலிருந்து பாப்பா வந்தாள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ஓங்கிய கையைப் பார்த்தாள். அழவில்லை, அலறவில்லை. சில்லுகளை ஒதுங்கித் தாண்டி வந்து அவருக்கு நேராக நின்றாள். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, இடது கன்னத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் மாமா. இதுலதான் சீக்கிரம் வரும்."

டமால் அப்படியே சில்லுகளின் மேல் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். மூக்கொழுக, மார்பு குலுங்க, நிறுத்த முடியாமல் அழுதார்.

பாப்பா குனிந்து அவர் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"உங்களை யாருமே அடிக்கலையே மாமா. எப்படி அழுறீங்க?"