டீசலில் கலந்த தண்ணீர்

திருவனந்தபுரத்தில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆரியசாலையில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாண்டி ஆசான் என்றால் அது நான்தான். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே இருமலைக் கேட்டு, அடைத்திருப்பது காற்று பில்டரா டீசல் பில்டரா என்று சொல்லிவிடுவேன். நான் கழற்றி மாட்டிய பம்பு மறுபடி என்னிடம் வந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. வெறுங்கையோடு வந்து சம்பாதித்த பேர், நான்தானே சொல்லிக்கொள்ள வேண்டும்?

இப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை, பத்துப் பேர் நடுவில், என் வேலை மோசம் என்று என் வாயாலேயே சொன்னேன். அது பொய்.

பொன்முடி தோட்டத்தில் ஜீப் ஓட்டியவன் ஒருவன் எனக்குச் சிநேகிதன். தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, தார் முடிந்து கல்லும் சேறுமாகப் போகிற பாதையில், பிரசவத்துக்குப் பெண்களை இறக்கியதும் அரிசி மூட்டை ஏற்றியதும் அவன் வண்டிதான். வேலை முடிந்த பிறகு அந்த ஜீப்பைத் தானே வாங்கிக்கொண்டு மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீட்டில் இருந்தான். கடைசியில் ஈரல் கெட்டுப் படுத்துவிட்டான். ஜன்னல் பக்கம் கட்டில். ஜன்னலுக்கு வெளியே ஜீப்.

பார்க்கப் போயிருந்தபோது சொன்னான்.

"ஆசானே, நான் போனா என்னைய மேல, அம்மையும் அப்பனும் கெடக்க எடத்துக்குக் கொண்டு போவணும். என் வண்டியிலதான். நீரு ஓட்டணும். வேற எவன் வண்டியிலயாவது ஏத்தினா எந்திச்சு நடந்துருவேன், பாத்துக்கிடும்."

"நட வேய். டீசல் மிச்சம்" என்றேன்.

சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி நிற்கவே இல்லை. அவன் மனைவி ஓடிவந்து முதுகைத் தடவினாள். "சொல்லி வச்சிட்டேன், கேட்டியா. ஆசான் ஏத்துக்கிட்டாரு" என்று அவளிடமும் சொன்னான்.

மழை விட்ட ஒரு நாள் காலையில் போன் வந்தது. சாவி, ஸ்பானர் பை, இரண்டு புது பில்டர், ஒரு கேன் டீசல் எடுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் அவனோடு ஓட்டிய டிரைவர்கள் நின்றார்கள். ஜீப் மட்டும் கல்யாண வண்டி மாதிரி மின்னியது. மூன்று மணிக்குள் மேலே போய்ச் சேர வேண்டும். பிறகு மஞ்சு, அதுதான் மூடுபனி, இறங்கிவிட்டால் கை நீட்டினால் விரல் தெரியாது.

ஸ்டார்ட்டரைத் திருகினேன். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் அதேதான்.

"ஆசானே, என் வண்டி ரெடியா நிக்கி. சமயம் போகுதே" என்றான் ஓர் இளவட்ட டிரைவர்.

"உன் வண்டியில அவன் வரமாட்டான்லே" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தேன்.

பில்டருக்குக் கீழே தண்ணீர் தங்குகிற கண்ணாடிக் கிண்ணம் ஒன்று உண்டு. டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் அதில் அடியில் நிற்கும். கிண்ணம் முழுக்கத் தண்ணீர். வண்டிக்கு அடியில் படுத்து டேங்கின் அடித்திருகைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தேன். பாதிக்குமேல் தண்ணீர். மழையில் நனைந்தால் இவ்வளவு சேராது. எழுந்து டேங்க் வாயைப் பார்த்தேன். மூடி மாட்டியிருந்தது, ஆனால் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் அதற்குள் இல்லை. சுற்றிலும் ஒரு பொட்டுச் சேறுகூடக் கிடையாது. விரல் விட்டுத் துடைத்த மாதிரி சுத்தம்.

அவன் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அண்ணாச்சி, ஓடுமா? தெனமும் கழுவினேன் அண்ணாச்சி. ஓஸ் பைப்பை வச்சு நல்லா பீச்சி அடிச்சு, மூடி இருக்க இடுக்கு வரைக்கும் சேறு எடுத்தேன். அவரு படுத்துக்கிட்டே பாத்துட்டு இருப்பாரு. வண்டி பளபளன்னு இருந்தாத்தான் அன்னிக்குக் கஞ்சி குடிப்பாரு."

என் கையில் பாட்டில். மேலே மஞ்சள் டீசல், கீழே அவள் ஊற்றிய தண்ணீர். மாதக்கணக்கில், காலைதோறும், அவன் கஞ்சி குடிக்க வேண்டும் என்று ஊற்றியது.

இளவட்டத்துக்குப் புரிந்துவிட்டது. "அம்மச்சி கழுவினதுல டேங்குக்குள்ள..." என்று வாயெடுத்தான்.

"வாயை மூடுலே!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "போன தடவை இந்தக் கிண்ணத்தை மாட்டினது நான். வாஷரைச் சரியா வைக்காம முறுக்கிட்டேன். தண்ணி எறங்கிட்டு. என் கைத்தப்பு. போதுமா?"

தொழில் தெரிந்தவனுக்கு அது பொய் என்று தெரியும். அவளுக்குத் தெரியாது. எனக்கு அவ்வளவு போதும்.

டேங்கை முழுக்க வடித்து, புது டீசல் ஊற்றி, பில்டர் மாற்றினேன். பம்புக்குள் துருப் பிடித்திருந்தால் எல்லாம் முடிந்தது. நல்லவேளை, பிடிக்கவில்லை. குழாயில் நின்ற காற்றை வெளியேற்ற, திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். நுரை நுரையாக வந்தது. குமிழி நின்று டீசல் நூலாக ஒழுகத் தொடங்கியபோது கட்டைவிரல் மரத்துப்போயிருந்தது. ஸ்டார்ட்டரைத் திருகினேன். வெள்ளைப் புகை கக்கி, உடம்பை உலுக்கி, பிடித்துக்கொண்டது.

அவனைப் பின்னால் கிடத்தினோம். அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பாதி மலை ஏறியதும் ஒரு வளைவில் இஞ்சின் திணறி நின்றது. எங்கோ மிச்சம் இருந்த தண்ணீர். இறங்கிக் கிண்ணத்தை வடித்து, மறுபடியும் கைப்பம்பை அழுத்தினேன்.

"என்ன அண்ணாச்சி?"

"நான் செஞ்ச வெனைதான் தாயி. இன்னும் கொஞ்சம் இருக்கு."

"வெசனப்படாதீங்க. உங்களுக்கும் வயசாயிட்டுல்லா" என்றாள். புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு கைப்பம்பை இன்னும் வேகமாக அழுத்தினேன்.

மஞ்சு வரும் முன் சேர்ந்துவிட்டோம். பெண்கள் வழக்கப்படி லயத்தோடு நின்றுகொண்டார்கள். நாங்கள் அவனைத் தாய் தகப்பன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த வாரம் புது மூடி ஒன்று, நல்ல ரப்பரோடு, கொண்டுபோய் மாட்டினேன். "அவரு இல்லாட்டியும் கழுவட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். "கழுவு தாயி, நல்லா கழுவு" என்றேன். கழுவினாள். பார்க்க ஆளில்லாத ஜன்னலுக்கு முன்னால் அந்த ஜீப் இரண்டு மழைக்காலம் மின்னிக்கொண்டு நின்றது.

ஆசானுக்குக் கை போய்விட்டது என்று, அன்றைக்கு அங்கே இல்லாத இளவட்டங்கள் பேசினார்கள். சில வண்டிகள் வேறு இடத்துக்குப் போயின. நெஞ்சு எரிந்தது, வாயைத் திறக்கவில்லை. போன மாசம் அவளையும் மேலே கொண்டுபோய் வைத்தோம். அதே ஜீப்தான், நான்தான் ஓட்டினேன். ஒரு வளைவில்கூட நிற்கவில்லை. நின்றிருந்தால் பின்னாலிருந்து கேட்க யாருமில்லை.

அதனால்தான் இப்போது சொல்கிறேன். அந்த வாஷரை நான் சரியாகத்தான் வைத்திருந்தேன்.